பயணம் சொல்லாத விடுமுறை

நான் வேலை செய்து ஓய்வுபெற்ற வெள்ளவத்தைப் பயண முகவர் அலுவலகத்திலிருந்து ஒரு பிள்ளை அண்மையில் போன் எடுத்தாள். எங்கேயோ ஒரு நாட்டில் புதிதாக ஒரு காய்ச்சல் கிளம்பியிருப்பதாகச் செய்தி வந்திருக்கிறது. உடனே விடுமுறைக்குப் பதிவு செய்த சனம் கவுண்டரில் வந்து நின்று "போகலாமோ, விடலாமோ" என்று அவளுடைய உயிரை வாங்குகிறார்களாம். "அன்ரி, கொரோனா நேரம் நீங்கள் வாசல் ரூல் எண்டு ஒண்டு வச்சிருந்தீங்களாமே, அது என்ன?" என்று கேட்டாள். இரண்டு வசனத்தில் சொன்னேன். "அவ்வளவுதானா?" என்றாள். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. ரூலை மட்டும் சொன்னால் அது அவ்வளவுதான். அது எங்கேயிருந்து வந்தது, எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் அது என்ன செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

என்னுடைய ஆரம்ப காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பிறந்தது கொழும்பில் கொட்டாஞ்சேனை, ஒரு ஒடுங்கிய ஒழுங்கை; இன்றைக்கும் இருப்பது அதே ஒழுங்கை. பள்ளிக்கூடம் முடித்து, டைப்பிங் பழகி, கோட்டையில் ஒரு கொம்பனியில் கொஞ்சக் காலம் கடிதம் அடித்துக்கொண்டிருந்துவிட்டு வெள்ளவத்தைக்கு வந்தேன். டிக்கெட்டைக் கையால் எழுதிய காலத்தில் தொடங்கினேன். டிக்கெட்டே இல்லாமல் போனைக் காட்டி ஏறுகிற காலத்தில் முடித்தேன். இடையில் சென்னை, திருச்சி, வேளாங்கண்ணி, சிங்கப்பூர், பாங்கொக் என்று குழுக்களைக் கூட்டிக்கொண்டு போகிற வேலையும் என் தலையில் விழுந்தது. கல்யாணம் கட்டாதவள், பிள்ளை குட்டி இல்லை, சும்மா போகட்டும் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கும் வீட்டில் இருப்பதைவிட அது பிடித்திருந்தது.

அலுவலகத்தை நடத்தியவர் சபாநாதன் சேர். யாழ்ப்பாணத்து மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கண்ணாடி மேசையில் பட்ட சத்தம் கேட்டால் நாங்கள் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு எழும்பி நிற்போம். அவருடைய அலுவலகத்தில் ஒரு வார்த்தைக்குத் தடை இருந்தது. "பிரச்சினை இல்லை" என்று யாரும் வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது. நான் சேர்ந்த புதிதில் ஒருவருக்கு அப்படிச் சொல்லிவிட்டேன். சேர் அந்த ஆள் போகும்வரை பொறுத்திருந்து, பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ரீட்டா, பிரச்சினை இல்லையெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல சேர்."

"அப்ப நீங்கள் எப்பிடிச் சொல்லுவீங்கள்? பிரச்சினை வந்தா என்ன செய்யிறதெண்டு சொல்லுங்கோ. அதுதான் எங்கட தொழில்."

அவர் யாருக்காவது ஒரு விசயத்தை விளங்கப்படுத்தினால், அந்த ஆள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பெரிய உத்தியோகத்தராக இருந்தாலும் சரி, நகைக்கடை முதலாளியாக இருந்தாலும் சரி, பள்ளிப்பிள்ளை மாதிரி ஒப்புவித்தால்தான் விடுவார். சிலருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு அமைதியாகக் காத்திருப்பார். கடைசியில் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

எங்கள் சனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குப் பயணம் என்பது பிளேனில் ஏறுவதல்ல, ஏறுவதற்கு முன் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்வது. சொல்லாமல் போனால் அந்த வீட்டோடு உறவு அறுந்தது என்று அர்த்தம். நாங்கள் போகாத வீடுகளிலிருந்து அவர்கள் எங்களைத் தேடி வருவார்கள், வெளிநாட்டில் இருக்கிற மகளுக்கு மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் பார்சலாகக் கட்டிக்கொண்டு. கொட்டாஞ்சேனையில் எங்கள் கத்தோலிக்க வேதக்காரருக்கு இன்னொன்றும் உண்டு. வீட்டில் மூத்தவர் பயணம் போகிறவரின் நெற்றியில் பெருவிரலால் குருசு, அதாவது சிலுவை அடையாளம், போட்டு விட வேண்டும். போகிற இடத்தில் சொந்தம் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து இன்னொரு குருசு. போனவர் அங்கே போய் அதை அவர்களுடைய நெற்றியில் போட்டுவிட வேண்டும். பார்சல் மறந்தாலும் மறக்கலாம், இது மறக்கக்கூடாது.

ஒருமுறை சிங்கப்பூருக்குப் போன குழுவில் ஒருவர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் காணாமல் போய்விட்டார். செக்-இன் மூடப் போகிறார்கள், மனிதனைக் காணோம். ஓடிப்போய்ப் பார்த்தால் வாகனத் தரிப்பிடத்தில் நிற்கிறார். வழியனுப்ப வான்களில் வந்த சொந்தக்காரர் எல்லாரையும் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து முடித்தவர், மனைவியின் தூரத்து மாமி ஒருவரை இடையில் விட்டுவிட்டார். மாமி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டா. அதனால் வரிசையை முதலிலிருந்து திரும்பத் தொடங்கியிருக்கிறார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன். அலுவலகத்தில் இதைச் சொன்னபோது சேர் சிரிக்கவில்லை. "எங்கட ஆக்களுக்குப் பிளேன் தவறினாலும் பரவாயில்லை, மாமி தவறக்கூடாது" என்றார். அன்றைக்கு நாங்கள்தான் சிரித்தோம்.

பிறகு கொரோனா வந்தது. அலுவலகம் பூட்டிக் கிடந்த மாதங்களை விட்டுவிடுகிறேன். எல்லாரும் வீட்டில் கிடந்த கதைதான் என்னுடையதும். மெல்ல மெல்ல விமானங்கள் பறக்கத் தொடங்கியதும், அடைபட்டுக் கிடந்த சனத்துக்கு எங்கேயாவது போக வேண்டும் என்று கால் பரபரத்தது. முதலில் வந்தவர் காலி வீதியில் புடைவைக்கடை வைத்திருந்த ஒருவர். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். துபாய்க்கு விடுமுறை.

அந்த மனிதர் செய்த ஆயத்தத்தைப் போல் நான் எங்கேயும் கண்டதில்லை. மாஸ்க்குக்கு மேல் மாஸ்க், அதற்கு மேல் முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, மழைக்கோட்டு மாதிரி ஒரு உடுப்பு. பிளேனில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். துபாயில் இறங்கியதும் பரிசோதனை செய்தார்கள். முதலில் மனைவிக்கு, பிறகு பிள்ளைகளுக்கு, கடைசியில் அவருக்கும் தொற்று. விடுமுறை முழுவதும் ஒரு ஹோட்டல் அறை. யன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டு மணி அடித்துவிட்டுப் போவார்கள்.

தினமும் போன் எடுத்து என்னை ஏசுவார். "பிளேனிலதான் தொத்தினது. நீங்கள் போட்டுத் தந்த சீட்டு அப்பிடி!" ஒருநாள் சேர் போனை வாங்கினார்.

"ஐயா, பயணத்துக்கு முந்தின மூண்டு நாலு நாளும் வீட்டுக்கு ஆர் ஆர் வந்தவை?"

அவர் பெருமையோடு சொல்லத் தொடங்கினார். தம்பி குடும்பம், மைத்துனர், கடைப் பொடியள், தெஹிவளைப் பெரியம்மா. எல்லாரும் பயணம் அனுப்ப வந்து, இருந்து சாப்பிட்டு, பிள்ளைகளைக் கொஞ்சிப்போட்டுப் போனார்கள். பெரியம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் இருமல், ஏசிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை... அந்த இடத்தில் அவருடைய குரல் மெதுவாகியது. பிளேன் ஏறுவதற்கான பரிசோதனை அவர்கள் வருவதற்கு முதலே எடுத்தாகிவிட்டது. அதில் ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. சேர் அவரைக் குத்திக்காட்டவில்லை. "பிள்ளையளுக்கு நல்லாத் தண்ணி குடுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அன்று பின்னேரம் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். பிளேன், ஹோட்டல், டாக்சி எல்லாவற்றையும் பற்றி அவர் முதலே ஒழுங்கு வைத்திருந்தார். உள்ளே இருந்து சாப்பிடுகிற இடம் வேண்டாம், வெளியில் மேசை போடுகிற இடம் பாருங்கோ. வாகனத்தில் யன்னல் திறந்திருக்க வேண்டும். காய்ச்சல் காய்ந்தால் பனடோல் குளிசை போட்டு, காய்ச்சல் பார்க்கிற மெசினை ஏமாற்றக்கூடாது, அன்றைக்கே சொல்ல வேண்டும். அங்கே ஒரு அறைக்குள் பூட்டிவைத்தால் யாரோடு இருப்பீர்கள் என்பதை இங்கேயே தீர்மானித்துவிட்டுப் போக வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டால் புருசனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். இப்போது அவர் புதிதாக ஒன்று சேர்த்தார். பயணத்துக்கு ஒரு கிழமை, ஏழு நாளைக்கு முதல் தொடக்கம் வாசல் பூட்டு. ஒருவரும் வரக்கூடாது, நீங்களும் ஒரு வீட்டுக்கும் போகக்கூடாது. பயணம் சொல்வதென்றால் போனில் சொல்லுங்கோ. இதுதான் எங்கள் வாசல் ரூல்.

சனம் துள்ளியது. "சேர், பிளேனுக்குப் பயமில்லை. மாமியிட்டச் சொல்லாமப் போறதுக்குத்தான் பயம்" என்று ஒருத்தி அழாத குறையாகச் சொன்னாள். சேர் அசையவில்லை. ரூலைத் திருப்பிச் சொல்லாதவருக்கு டிக்கெட் போடவில்லை. சிலர் வேறு இடத்துக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டார்.

இப்போது மேர்சி அன்ரியின் கதைக்கு வருகிறேன்.

மேர்சி அன்ரி எங்கள் ஒழுங்கைக்காரி. புருசன் செத்து நெடுங்காலம். ஒரே மகன் ஜூட். இளந்தாரியாக இருந்தபோது வெளிநாட்டுக்குப் போனவன், கனடாவில் தங்கிவிட்டான். முதலில் விசாப் பேப்பர் இல்லை, வரமுடியாது. பிறகு பேப்பர் கிடைத்தது, வேலை விடவில்லை. பிறகு பிள்ளைகள் சின்னன். ஒவ்வொரு நத்தாருக்கும் கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்லிவிட்டு "அடுத்த வருசம் அம்மா" என்பான். அடுத்த வருசம் வரும், அவன் வரமாட்டான். மேர்சி அன்ரி அதைக் குறையாகச் சொல்ல விடமாட்டா.

அவனை வளர்த்தது அன்ரி மட்டுமல்ல. அன்ரி துறைமுகத்துக் கந்தோரில் வேலை செய்தவ. விடியப் போனால் பொழுதுபடத்தான் வருவா. பிள்ளையைக் குளிக்கவார்த்து, சோறு தீத்தி, பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டுபோனது அன்ரியின் அக்கா ஸ்டெல்லா. ஒழுங்கை முழுவதுக்கும் அவ ஸ்டெல்லா அக்காதான். கல்யாணம் கட்டாதவ, வீட்டில் இருந்து யூனிபோம் தைத்தவ. அதே ஒழுங்கையில் வீதிப்பக்கமாக முதல் வீடு. ஜூட் அவவைப் பெரியம்மா என்பான். நான் சொல்கிற காலத்தில் ஸ்டெல்லா அக்காவுக்கு இரண்டு காலும் வீங்கி, மூச்சு இளைப்பும் வந்து, கட்டிலிலிருந்து வாசல் கதிரைக்கு வருவதே ஒரு பயணம். தம்பியின் மகன் றெஜி கூட இருந்து பார்த்துக்கொண்டான். அவனுக்குத் துறைமுகத்தில் வேலை.

தடுப்பூசி போட்டவர்களை மாலைதீவு எடுக்கத் தொடங்கியபோது ஜூட் ஒரு யோசனை சொன்னான். கொழும்புக்கு வந்தால் தனிமைப்படுத்தலில் அடைபட்டுக் கிடக்க வேண்டும், அவனுடைய லீவு அதிலேயே கரைந்துவிடும். மாலைதீவில் அப்படி இல்லை. அவன் அங்கே வருவான், அம்மாவும் அங்கே வரட்டும், ஒரு கிழமை கடற்கரையில் சேர்ந்து இருக்கலாம். இது புதிதில்லை. பிள்ளை ஐரோப்பாவில், தாய் தகப்பன் இங்கே, இரண்டு பக்கமும் சந்திப்பது சென்னையில் என்று எத்தனை குடும்பங்களுக்கு நான் டிக்கெட் போட்டிருக்கிறேன். இரு பக்கத்தாருக்கும் வசதி. நடக்கமுடியாத ஆட்களை மட்டும் அந்த வசதியில் சேர்க்க முடியாது.

அன்ரியை நான்தான் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புதுச் சேலை, அதற்குப் பொருத்தமான மாஸ்க். சேர் வழக்கம்போல எல்லாவற்றையும் சொன்னார். அன்ரி திருப்பிச் சொன்னா, ஒன்றும் தவறவில்லை.

"வீட்டுக்கு ஆர் வருவினம்?"

"ஒருத்தரும் வரமாட்டினம் சேர். தனியத்தான் இருக்கிறன்."

"நீங்கள் எங்க போவீங்கள்?"

அன்ரி கையிலிருந்த கைக்குட்டையை மடித்தா, விரித்தா.

"அக்காவிட்டப் போகாம எப்பிடி சேர்? அவனுக்குக் குருசு தந்துவிடுவா."

"அவவோட ஆர் இருக்கினம்?"

"தம்பீன்ர மகன். ஹாபரில வேலை. தினமும் போய்வாறவன்."

சேர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அப்படியே அன்ரியைப் பார்த்து, "போகாதீங்கோ" என்றார். அதற்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்ப்பார் என்று நான் எதிர்பார்த்தேன், சேர்க்கவில்லை. "உங்களுக்குத் தொத்தினா மகனைப் பாக்க ஏலாது. உங்களிட்ட இருந்து அவவுக்குத் தொத்தினா அவவின்ர இளைப்புக்குத் தாங்காது. ரெண்டில எது நடந்தாலும் விடுமுறை எண்டு சொல்லேலாது. நீங்கள் எங்க போகக்கூடாது?"

"அக்காவிட்ட" என்று அன்ரி திருப்பிச் சொன்னா.

அன்ரியோடு வெள்ளவத்தையிலிருந்து வேறு இரண்டு குடும்பங்களும் சேர்ந்ததால் குழுவை அழைத்துப் போகும் பொறுப்பு எனக்கு வந்தது. அந்தக் கிழமை முழுவதும் அன்ரி வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தா. நானும் என் வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னதாக அன்ரி சொன்னா. அக்கா என்ன சொன்னா என்று கேட்டேன். "போனில காது கேக்காது எண்டு வச்சிட்டா" என்றா. ஸ்டெல்லா அக்காவுக்குக் காதில் ஒரு குறையும் இல்லை.

புறப்பட்ட காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் ஒழுங்கைக்குள் வான் வராது. வீதியில்தான் நிற்க வேண்டும். வேறு காலமென்றால் அன்ரியின் பெட்டியைத் தூக்கவே நாலு பேர் வந்திருப்பார்கள், சனம் வீதிவரைக்கும் கூட வந்திருக்கும். அன்றைக்கு எல்லாரும் தங்கள் தங்கள் கிறில் கம்பிக்குப் பின்னால் நின்று கையைக் காட்டினார்கள். பெட்டியின் சில்லுச் சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. வீதியை அடைய ஸ்டெல்லா அக்காவின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது.

அவ கதிரையில் இருந்தா. தலைமுடி வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, கோயிலுக்குப் போகிற மாதிரி. கிறில் திறந்திருந்தது.

"வா மேர்சி. நெத்தியைக் காட்டு. உனக்கொண்டு, அவனுக்கொண்டு."

அன்ரி நின்றுவிட்டா. நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே றெஜி இருமுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, வரக்கூடாதாம். நான் போனில..."

"நான் உன்ன உள்ளுக்கு வந்து சாப்பிடச் சொல்லேல்ல. நெத்தியைத்தான் கேட்டனான்."

அன்ரி என்னைப் பார்த்தா. நான் தலையை ஆட்டவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டு நின்றேன். இது அன்ரியின் முடிவாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். வீதியிலிருந்து வான் சாரதி "அக்கே, யமுத?" என்று சிங்களத்தில் கூப்பிட்டான், போவோமா என்று. "பொட்டக் இன்ன மல்லி" என்றேன், கொஞ்சம் பொறு என்று.

அன்ரி இரண்டு கையையும் கூப்பினா. "மன்னிச்சுக்கொள் அக்கா" என்றுவிட்டு, பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு நடந்தா. பின்னால் கதிரை தரையில் உரசிய சத்தமும், கிறில் சாத்துகிற சத்தமும் கேட்டன. வானில் ஏறி இருந்த பிறகு அன்ரி விமான நிலையம் வரைக்கும் கைக்குட்டையை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தா. எனக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் நடந்தது சரியென்றுதான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான்.

பயணம் ஒழுங்காக நடந்தது. மாலே விமான நிலையத்திலிருந்து படகு. காற்று முகத்தில் அடித்தது; மூடிய வாகனத்தைவிட அதுதான் நல்லது என்று வெள்ளவத்தைக்காரருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஜூட் முதல் நாளே வந்துவிட்டான். இறங்குதுறையில் மாஸ்க் போட்ட ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அன்ரிக்கு யார் மகன் என்று தெரியவில்லை. ஒரு பெரிய உருவம் ஒரு காலைக் கொஞ்சம் சரித்து நடந்து வந்தது. "தேப்பன்ர நடை" என்று சொல்லிக்கொண்டே அன்ரி படகிலிருந்து எழும்பிவிட்டா. நான் பிடித்திருக்காவிட்டால் கடலுக்குள் விழுந்திருப்பா.

கட்டிப்பிடித்து அழுததை எழுதவில்லை. அது அவர்களுடையது. அழுது முடித்த பிறகு அந்த நரைத்த மனிதன் மாஸ்க்கோடு தாய்க்கு முன்னால் குனிந்தான்.

"பெரியம்மா தந்துவிட்டதப் போடுங்கோ அம்மா."

அன்ரி கையைத் தூக்கினா. ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். கை பாதியில் நின்றது.

"இல்ல ராசா. நான் அவவிட்டப் போகேல்ல."

அவன் நிமிர்ந்தான். நான் இடையில் புகுந்து ரூலை விளங்கப்படுத்தினேன். கவனமாகக் கேட்டான். "சரியாத்தான் செய்திருக்கிறீங்கள் அக்கா, தாங்ஸ்" என்றான். நல்ல மரியாதையான பிள்ளை. பிறகு பெரியம்மாவுக்குப் போன் எடுத்தான். மணி அடித்து அடித்து நின்றது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஒழுங்கையிலிருந்து செய்தி வந்தது. றெஜிக்குத் தொற்று. அடுத்த நாள் ஸ்டெல்லா அக்காவுக்கும். இளைப்புக் கூடி அம்புலன்சில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாங்கள் வெளியில் மேசை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். ஜூட் கரண்டியை வைத்துவிட்டு, "நல்ல காலம் நீங்கள் போகேல்ல அம்மா" என்றான். அவன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அன்ரி எழும்பித் தன்னுடைய அறைக்குப் போய்விட்டா.

நான் சேருக்குப் போன் எடுத்தேன். எங்கள் ரூல் காப்பாற்றிவிட்டது என்று அவர் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லட்டும் என்றும் நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "அந்த வீட்டுப் பொடியன் தனிய இருக்கிறானோ? அவனுக்கு ஆர் சாப்பாடு குடுக்கினம்?" எனக்குத் தெரியவில்லை. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு அவன் எழும்பி நடமாடும்வரை தினமும் இரண்டு நேரம் பார்சல் போனது என்று பிறகு றெஜி சொல்லித்தான் அறிந்தேன். சேர் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

கடைசி நாட்களில் அன்ரியும் மகனும் கடற்கரையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் எடுப்பதும், பதில் வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுமாக நாள் போனது. எங்கள் குழுவில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. திரும்பிவரும் பரிசோதனையிலும் எல்லாரும் தப்பினோம். தொழில்முறையில் சொன்னால், நான் கூட்டிக்கொண்டு போன பயணங்களிலேயே மிகவும் பத்திரமான பயணம் அதுதான்.

கொழும்புக்கு வந்து, அடைபட வேண்டிய நாட்கள் ஹோட்டலில் அடைபட்டு வெளியில் வந்தபோது ஸ்டெல்லா அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தா. அரைவாசியாகிப் போயிருந்தா என்றார்கள். அன்ரி தன் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியை என்னிடம் தந்துவிட்டு அக்காவின் வாசலுக்கு முன்னால் போய் ஒழுங்கையில் நின்றா. அக்கா அதே கதிரையில் இருந்தா. கிறில் சாத்தியிருந்தது.

"அக்கா, வரலாமோ?"

அக்கா என் பக்கம் கையை நீட்டினா.

"வரலாமோ எண்டு ரீட்டாட்டக் கேள். அவதானே ரூல் வச்சிருக்கிறவ."

குத்தலாகத்தான் சொன்னா. வாங்கிக்கொண்டேன். "வரலாம் அக்கா" என்றேன்.

அன்ரி கிறிலைத் திறந்து போய்க் கதிரையடியில் முழங்காலில் இருந்தா. ஸ்டெல்லா அக்கா பெருவிரலை நெற்றியில் வைத்து மெதுவாகக் குருசு போட்டா. அன்ரி எழும்பவில்லை.

"அவனுக்கும் ஒண்டு போடக்கா. போனில முகத்தைக் காட்டுறன், அவனுக்குக் குடுக்கிறன்."

ஸ்டெல்லா அக்கா கையை மடிக்குள் இழுத்துக்கொண்டா.

"அவனுக்குள்ளது இஞ்ச இருக்குது. வந்து வாங்கச் சொல்லு."

"இந்தக் கொரோனாவுக்குள்ள எப்பிடியக்கா..."

"இந்த ரெண்டு வருசத்துக்குக் கொரோனா எண்டு சொல்லு, கேக்கிறன். அதுக்கு முந்தின வருசங்களுக்கு என்ன காய்ச்சல்? மாலைதீவுமட்டும் வந்தவனுக்குக் கொட்டாஞ்சேனை என்ன தூரமே?" மூச்சு வாங்கியது, நிறுத்தி, திரும்பச் சொன்னா. "நான் எங்கயும் போகேலாது மேர்சி. என்னைப் பாக்கிறதெண்டா இந்த வாசலுக்குத்தான் வரோணும்."

அன்ரி அந்த இடத்திலேயே மகனுக்குப் போன் எடுத்து, அக்கா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னா. லைன் அறுந்துவிட்டதா என்று அன்ரி இரண்டு தரம் கேட்டா.

"கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன் அம்மா" என்றான்.

ஜூட் வந்தான். கதவுகளெல்லாம் திறந்து, அடைபடுகிற ஒழுங்குகள் நீங்கிய பிறகு, தனியாக வந்தான். நான் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தேன். பெட்டியின் சில்லுச் சத்தம் கேட்டு வெளியில் போனேன். ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் ஆள் உள்ளே இருக்கவில்லை. அவன் முதல் வீட்டு வாசலிலேயே பெட்டியை விட்டுவிட்டு உள்ளே போய்க் குனிந்தான். குனிந்தது போதாமல் முழங்காலில் இருந்தான். ஸ்டெல்லா அக்கா குருசு போட்டா. கையை எடுத்த பிறகும் அவன் நெற்றியைத் தூக்கவில்லை. அப்படியே அவவின் மடியில் வைத்துக்கொண்டு கிடந்தான், தோள் குலுங்கியது. அவ அவனுடைய நரைத்த தலையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தா.

"அழுதது காணும், எழும்படா" என்றா. "சோறு ஆறுது."